வெப்பத்தையும் வெள்ளத்தையும் தாங்கும் வெண்ணிற ரோஜா

புது தில்லியில் அயல்நாட்டுத் தூதரகங்கள் அமைந்துள்ள பகுதி சாணக்யபுரி. அதன் நடுவே அகன்று செல்லும் சாந்தி பாதையின் ஓரங்களில் ரோஜாத் தோட்டங்கள் அமைக்கப்பட்டுள்ளன. தேசிய ரோஜாத் தோட்டமும் இப்பகுதியிலேயே உள்ளது. குளிர்காலத்தில் இத்தோட்டங்களைக் காண்போர், சிவப்பும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பாத்தி பாத்தியாகப் பூத்திருக்கும் பெருமலர்களைக் கண்டு, ரோஜாவுக்கு இதைவிட ஏற்ற ஊர் இல்லை என்றே எண்ணுவர். ஆனால் அதே பாத்திகளை மே மாத நடுவில் காண்போருக்கு வேறொரு காட்சி தென்படும். இலைகளின் ஓரங்கள் கருகியிருக்கும். மலர்கள் அளவிற் குறுகி, மலர்ந்த அன்றே நிறம் மங்கிவிடும். பின்னர் பருவமழை பெய்யும்போது, நீர் தேங்கும் பாத்திகளில் இலைகள் மஞ்சளித்து உதிரத் தொடங்கும்.

இவ்விரு துன்பங்களும் எவ்வளவு நெருங்கி வரக்கூடும் என்பதற்கு 2024ஆம் ஆண்டு ஓர் எடுத்துக்காட்டு. அவ்வாண்டு மே 29ஆம் நாள், சாணக்யபுரிக்கு அருகிலுள்ள சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 பாகை சென்டிகிரேடு வெப்பம் பதிவாயிற்று. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, ஜூன் 28ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், அதே நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் பெய்யவேண்டிய மழையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நீர் ஒரே நாளில் கொட்டியது. நெருப்பையும் நீரையும் அடுத்தடுத்துத் தாங்க வேண்டிய இந்நிலைமைக்கு ஏற்ற ரோஜா உலகில் உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே விடை. அது தொலைதூர நாட்டில் இல்லை. கங்கைச் சமவெளியின் ஆற்றங்கரைகளிலும் வங்கத்தின் தாழ்நிலங்களிலும் தானே முளைத்து வளர்கிறது. ஐந்து வெண்ணிற இதழ்களையுடைய அச்சிறு மலரின் விஞ்ஞானப் பெயர் ‘ரோஸா கிளினோபில்லா’ என்பதாகும்.

தோட்ட ரோஜாவின் பரம்பரை

ரோஜாப் பேரினத்தில் சுமார் 150 இனங்கள் உள்ளன. இவை அனைத்தும் பூமியின் வடபாதிக்கே உரியவை. நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே எந்த ரோஜா இனமும் இயற்கையாக வளரவில்லை. ‘இனம்’ என்பது இயற்கையில் தானே தோன்றி விதையால் தன் போன்றவற்றைத் தருவது. ‘வகை’ என்பது மனிதன் கலந்தும் தேர்ந்தும் உண்டாக்கி, ஒட்டினாலோ தண்டுக் குச்சியாலோ பெருக்குவது. இன்று தோட்டங்களில் காணப்படும் வகைகள் பல்லாயிரம். எனினும், அவற்றின் பரம்பரையை ஆராய்ந்தால், ஏறக்குறைய எட்டு முதல் பத்து இனங்களின் குருதியே திரும்பத் திரும்பக் கலந்திருப்பது தெரியவரும்.

இந்த மூதாதையருள் பல, ஐரோப்பா, மேற்காசியா, ஜப்பான் ஆகிய குளிர்ந்த நாடுகளைச் சேர்ந்தவை. அவை குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, இளவேனிலில் ஒருமுறை பூத்து ஓய்பவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சீன ரோஜாக்கள் ஐரோப்பாவை அடைந்த பின்னரே, ஆண்டில் பலமுறை பூக்கும் இயல்பு தோட்ட ரோஜாவிற்கு வாய்த்தது. 1867ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் வெளியிடப்பட்ட ‘லா பிரான்சு’ என்னும் வகையைக் கலப்புத் தேயிலை ரோஜாக்களின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அதன் பிறகு ரோஜாவை வளர்த்தெடுத்தோர் மலரின் வடிவத்தையும் நிறத்தையும் குளிர் தாங்கும் ஆற்றலையும் நோக்கினரேயன்றி, தில்லியின் கோடையையோ வங்கத்தின் வெள்ளத்தையோ நோக்கியவரல்லர். நோக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

ஆகவே, மே மாதத்தில் ரோஜா வாடுவது தோட்டக்காரனின் குறையால் மட்டும் நேர்வதன்று. செடியின் பிறப்பிலேயே அமைந்த குறையும் அதிற் கலந்துள்ளது. வட இந்தியாவில் இக்குறையை ஓரளவு ஈடுசெய்வதற்காக, காரத்தன்மையுள்ள மண்ணைத் தாங்கும் அடிச்செடிகளின்மீது நல்ல வகைகளின் மொட்டுகளை ஒட்டுகின்றனர். இது பயனுள்ள முறையே. ஆயினும் அடிச்செடி வேரைத்தான் மாற்றுகிறது. மேலே உள்ள தண்டும் இலையும் மலரும் தம் பழைய பரம்பரையின்படியே நடந்துகொள்கின்றன.

இந்தியாவின் வெள்ளை ரோஜாக்கள்

இந்தியாவின் காட்டு ரோஜாக்களுள் வெண்ணிறமுடையவை பல உண்டு. இமயமலைச் சரிவுகளில் மரங்களின்மேல் படர்ந்து, கொத்துக் கொத்தாக மணமுள்ள மலர்களைத் தருவது ‘ரோஸா புருனோனி’ என்னும் கொடி ரோஜா. அதற்கும் உயரமான இடங்களில் வளரும் ‘ரோஸா செரிசியா’ பெரும்பாலும் நான்கே இதழ்கள் உடையது. ரோஜாவிற்கு ஐந்து இதழ் என்னும் பொதுவிதிக்கு இது விலக்கு. மணிப்பூர் மலைகளில் 1882ஆம் ஆண்டில் ஜார்ஜ் வாட் என்பவர் கண்டெடுத்த ‘ரோஸா ஜைஜாண்டியா’, காட்டு ரோஜாக்களுள் மிகப்பெரிய மலரை உடையது. தமிழ்நாட்டிலும் ஒன்று உண்டு. நீலகிரி, பழனி ஆகிய மலைகளின் சோலை ஓரங்களில் ஏறிப் படரும் ‘ரோஸா லெஷனால்டியானா’ என்னும் வெள்ளைக் கொடி ரோஜா, புதுச்சேரியிலிருந்து நீலகிரிக்குச் சென்று செடிகளைச் சேகரித்த லெஷனோ என்னும் பிரெஞ்சுத் தாவர விஞ்ஞானியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவை யாவும் மலைவாசிகள். குளிர்ந்த காற்றும் நல்ல வடிகாலும் இவற்றிற்குப் பழக்கமானவை. இவற்றினின்று வேறுபட்டு, வெப்பமான சமவெளியிலேயே பிறந்து வளர்வது கிளினோபில்லா ஒன்றே. இதனாலேயே ரோஜா ஆராய்ச்சியாளர் இதனைத் தனிச்சிறப்புடையதாகக் கருதுகின்றனர்.

எங்கு வளர்கிறது?

பீகார், மேற்கு வங்கம், சோட்டா நாகபுரி, நேபாளத்தின் அடிவாரம், வங்காளதேசம், பர்மா ஆகிய இடங்களில் ஆறுகளின் கரைகளிலும் ஓடைகளின் படுகைகளிலும் இச்செடி காணப்படுகிறது. இவற்றினின்று வெகுதூரம் மேற்கே தள்ளி, இராஜஸ்தானத்தின் ஆபு மலையிலும் இது உண்டு. வங்காளதேசத்தின் வடகிழக்கில் ‘ஹாவோர்’ எனப்படும் பரந்த தாழ்நிலங்கள் உள்ளன. மழைக்காலத்தில் அவை கடல்போல் காட்சி தரும். படகின்றி ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்ல முடியாது. அத்தகைய நிலங்களிலும் இந்த ரோஜா வளர்கிறது. மாதக்கணக்கில் அடிப்பகுதி நீரில் நிற்க, நீர் வடிந்தபின் மீண்டும் தளிர்த்துப் பூக்கிறது.

இது எவ்வளவு வியப்பிற்குரியது என்பதை உணர, சாதாரண ரோஜாவின் வேருக்கு நேர்வதை அறிய வேண்டும். வேர்கள் மூச்சுவிடுகின்றன. மண்துகள்களுக்கிடையே உள்ள காற்றிலிருந்து பிராணவாயுவை அவை பெறுகின்றன. மண்ணில் நீர் தேங்கினால் அக்காற்று வெளியேறிவிடும். நீரில் கரைந்துள்ள சிறிதளவு பிராணவாயுவையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடும். மூச்சுத் திணறும் வேர், தண்ணீரின் நடுவிலேயே இருந்தும், தண்ணீரை உறிஞ்ச இயலாது அழுகத் தொடங்கும். வேர்கள் இவ்வாறு நலிந்த செடியில் நுனிக்கருகல் போன்ற நோய்கள் எளிதில் பற்றும். தோட்ட ரோஜாவிற்கு வடிகால் இன்றியமையாதது என்று எல்லா நூல்களும் வற்புறுத்துவது இதனாலேயே. அந்த விதியைப் பொருட்படுத்தாமல் வாழும் ரோஜா ஒன்று இந்நாட்டிலேயே இருக்கிறது என்பதுதான் கிளினோபில்லாவின் சிறப்பு.

அடையாளங்கள்

களப்பணியாளர் ஒருவர் ஆற்றங்கரையில் முட்செடி ஒன்றைக் கண்டு, அது இந்த ரோஜாதானா என்று அறிய விரும்பினால், கீழ்க்கண்ட அடையாளங்களைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, செடியின் அமைப்பு. இது ஆள் உயரத்தைக் கடந்து வளர்ந்து, வளைந்து சாயும் கிளைகளையுடைய புதர்ச்செடி. குளிர்காலத்திலும் இலைகளை முற்றும் உதிர்ப்பதில்லை. இரண்டாவது, இலை. ஒவ்வொரு கூட்டிலையிலும் பெரும்பாலும் ஏழு முதல் ஒன்பது வரை சிற்றிலைகள் இருக்கும். தோட்ட ரோஜாவில் சாதாரணமாக ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகளே காணப்படும். மூன்றாவது, முள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்திற்குச் சற்றுக் கீழே முட்கள் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். நான்காவது, மலர். ஐந்து வெள்ளை இதழ்களும், நடுவே மஞ்சள் நிற மகரந்தத் தாள்கள் திரண்டும் இருக்கும். கடைகளில் விற்கும் ரோஜாவோடு ஒப்பிட்டால் மலர் சிறியது, அடுக்கு இல்லாதது. ஐந்தாவது அடையாளமே மிக முக்கியமானது. மலரின் அடியில், புல்லிவட்டத்தைச் சூழ்ந்து, சிறு இலைகள் போன்ற பூவடிச் செதில்கள் நெருங்கியிருக்கும். மலர்க்காம்பிலும் இளங்காயிலும் மென்மயிர் படர்ந்திருக்கும்.

இந்தப் பூவடிச் செதில்களை அடிப்படையாகக் கொண்டு விஞ்ஞானிகள் ஒரு தனிப் பிரிவை வகுத்துள்ளனர். அப்பிரிவில் உள்ள இனங்கள் இரண்டே. ஒன்று இந்தியாவின் கிளினோபில்லா. மற்றொன்று சீனத்தின் ‘ரோஸா பிராக்டியேட்டா’. 1793ஆம் ஆண்டில் சீனப் பேரரசரிடம் தூது சென்ற மக்கார்ட்னி பிரபுவின் குழுவினரால் இங்கிலாந்திற்குக் கொண்டுவரப்பட்டமையால், அது மக்கார்ட்னி ரோஜா எனவும் வழங்குகிறது.

ஒரு செடி, மூன்று பெயர்கள்

பழைய நூல்களைப் புரட்டும் ஆசிரியர் இச்செடியைக் கிளினோபில்லா என்ற பெயரில் காணாது மயங்கக்கூடும். 1793ஆம் ஆண்டு முதல் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றிருந்த வில்லியம் ராக்ஸ்பரோ இதனை ‘ரோஸா இன்வலுக்ரேட்டா’ என்று குறித்தார். மலரைச் சூழ்ந்த செதில்களை அப்பெயர் சுட்டுகிறது. ஆனால் அவர் கையெழுத்துப் படியிலிருந்த அப்பெயர், லிண்ட்லி என்ற ஆங்கிலேய விஞ்ஞானியின் நூலில் 1820ஆம் ஆண்டில்தான் முறையாக வெளிவந்தது. அதே நூலில் ‘ரோஸா லையெல்லி’ என்ற மற்றொரு பெயரும் வெளியாயிற்று. இவற்றிற்கு முன்பே, 1817ஆம் ஆண்டில், ரெதூத்தே என்னும் புகழ்பெற்ற ஓவியரின் ரோஜா நூலில், தோரி என்பவர் இதனைக் கிளினோபில்லா என வருணித்துவிட்டார். ‘சாய்ந்த இலையுடையது’ என்பது அப்பெயரின் பொருள். ஒரு செடிக்குப் பல பெயர்கள் இருப்பின், முறைப்படி முதலில் வெளியான பெயரே நிலைபெறும் என்பது தாவரவியலின் விதி. அவ்விதிப்படி, இந்தியச் செடி பாரிசு நகரில் பெற்ற பெயரே இன்று வழக்கிலுள்ளது.

கலப்பில் எழும் சிக்கல்

வெப்பமும் நீரும் தாங்கும் காட்டு ரோஜா ஒருபுறம். அழகிய பெருமலர் தரும் தோட்ட ரோஜா மறுபுறம். இரண்டையும் கலந்தால் விரும்பிய செடி கிடைத்துவிடாதா என்ற கேள்வி எழுவது இயல்பே. இம்முயற்சி புதியதன்று. பாரிசு நகரின் லுக்சம்பூர்க் தோட்டத்தில் ஹார்டி என்பவர், 1836ஆம் ஆண்டளவில், கிளினோபில்லாவைப் பாரசீகத்தின் மஞ்சள் நிறக் காட்டு ரோஜாவோடு கலந்து புதுச்செடி ஒன்றைப் பெற்றார். எனினும் இத்தகைய கலப்புகள் எளிதில் தொடர்வதில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. இரண்டும் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கும் விளங்கக்கூடியவையே.

முதற் காரணம், குரோமோசோம்களின் எண்ணிக்கை. ரோஜாவில் குரோமோசோம்கள் ஏழு ஏழாக அமைகின்றன. கிளினோபில்லாவின் உயிரணுவில் இரண்டு தொகுதிகள், அதாவது 14 குரோமோசோம்கள் உள்ளன. கலப்புத் தேயிலை ரோஜாக்களிலோ பெரும்பாலும் நான்கு தொகுதிகள், அதாவது 28 உள்ளன. மகரந்தமும் சூலும் உண்டாகும்போது இவ்வெண்ணிக்கை பாதியாகக் குறையும். எனவே காட்டு ரோஜாவிலிருந்து ஏழும், தோட்ட ரோஜாவிலிருந்து பதினான்கும் சேர்ந்து, குழந்தைச் செடியில் 21 குரோமோசோம்கள் அமையும். மூன்று தொகுதிகள் இணை இணையாகப் பிரிய இயலாமையால், அச்செடி நன்றாக வளர்ந்து பூத்தாலும் விதை பிடிப்பது அரிது. கிளினோபில்லாவின் உறவான மக்கார்ட்னி ரோஜாவிலிருந்து 1918ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியிடப்பட்ட ‘மெர்மெய்டு’ என்னும் மஞ்சள் கொடி ரோஜா உலகப் புகழ் பெற்றது. ஆயினும் அதன் சந்ததி பெருகாமற் போனதற்கு மலட்டுத்தன்மையே காரணம்.

இரண்டாவது காரணம், பூக்கும் பருவம். காட்டு ரோஜாவில் பூக்கும் காலத்தைக் கட்டுப்படுத்தும் ஜீன் ஒன்று உண்டு. ஆண்டில் ஒரு பருவத்தில் மட்டும் பூத்து, மற்ற நாட்களில் இலையும் கிளையும் வளர்க்கச் செய்வது அதுவே. சீன ரோஜாவில் அந்த ஜீனின் நடுவே வேறொரு மரபணுத் துண்டு புகுந்து, அது செயலற்றுப் போயிற்று. கட்டுப்பாடு நீங்கவே, செடி தளிர்க்கும் போதெல்லாம் பூக்கிறது. 2012ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் இது விளக்கம் பெற்றது. செயலற்ற ஜீன் ஒடுங்குநிலைக்குரியது. செயல்படும் ஜீன் ஒன்றிருந்தாலும் அதுவே மேலோங்கும். ஆகவே கிளினோபில்லாவைப் பலமுறை பூக்கும் ரோஜாவோடு கலந்தால், முதல் தலைமுறைச் செடிகள் ஒருமுறை பூப்பனவாகவே இருக்கும். இதனைக் கண்டு மனந்தளர்ந்து அவற்றைப் பிடுங்கி எறிந்தால் முயற்சி முழுவதும் வீணாகும். அவற்றையே, 14 குரோமோசோம்களையுடைய பலமுறை பூக்கும் ரோஜாவோடு மறுபடியும் கலந்தால், மெண்டலின் விதிப்படி அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய பாதிச் செடிகள் பலமுறை பூக்கும். பழைய சீன ரோஜாக்களுள்ளும் தேயிலை ரோஜாக்களுள்ளும் இதற்கேற்றவை உள்ளன.

குரோமோசோம் தடையைக் கடக்க மற்றொரு வழியும் உண்டு. ‘கோல்ச்சிசின்’ என்னும் பொருளைக் கொண்டு காட்டு ரோஜாவின் 14 குரோமோசோம்களை 28 ஆக இரட்டித்து, பின்னர் கலப்புத் தேயிலை ரோஜாவோடு சேர்க்கலாம். தமிழ்நாட்டுச் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள நச்சுப்பொருள் இதுவே. இது ஆராய்ச்சிக் கூடங்களில் தகுந்த பாதுகாப்புடன் மட்டுமே கையாளத்தக்கது, பள்ளிகளுக்கு உரியதன்று.

இத்துறையில் இந்தியாவில் நடைபெற்ற பணிகள் இரண்டைக் குறிப்பிடுதல் தகும். இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும், பின்னர் 1965இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநராகவும் விளங்கிய டாக்டர் பி. பி. பால் கோதுமையில் புகழ்பெற்ற விஞ்ஞானி; அவரே இந்தியச் சூழலுக்கேற்ற ரோஜா வகைகள் பலவற்றையும் உண்டாக்கினார். 1966இல் வெளிவந்த அவருடைய ‘இந்தியாவில் ரோஜா’ என்னும் ஆங்கில நூல் இத்துறையில் வழிகாட்டியாக அமைந்தது. அவருக்குப் பின், ஆட்சிப் பணியிலிருந்து விலகிக் கொடைக்கானலில் குடியேறிய எம். எஸ். வீரராகவன், தம் மனைவி கிரிஜாவின் துணையோடு, கிளினோபில்லாவையும் மணிப்பூரின் ஜைஜாண்டியாவையும் கொண்டு வெப்பநாடுகளுக்கேற்ற ரோஜாக்களை உருவாக்கும் பணியைப் பல்லாண்டுகள் மேற்கொண்டார். ‘சில்வர் டான்’, ‘கேஞ்சஸ் மிஸ்ட்’ ஆகியவை கிளினோபில்லாவின் வழியில் அவர் பெற்ற வகைகள். தடைகள் இருப்பினும் அவை கடக்கத்தக்கவையே என்பதற்கு இச்செடிகள் சான்று.

தோட்டத்தில் வளர்க்கும் முறை

கலப்பினப் பணி ஆராய்ச்சியாளருடையது. செடியை அதன் இயல்பான வடிவிலேயே வளர்ப்பது எவர்க்கும் இயலும். பள்ளியின் வேலியோரம், கிணற்றடி, குளக்கரை, மழைநீர் சற்றுத் தேங்கும் மூலை ஆகியவை இதற்கு ஏற்றவை. வேறு ரோஜா பிழைக்காத இடமே இதற்கு நல்ல இடம் எனலாம். ஆனால் நாள்தோறும் சில மணி நேரமாவது நேரடி வெயில் படுதல் வேண்டும்.

சுமார் 60 சென்டிமீட்டர் நீளம், அகலம், ஆழமுள்ள குழி எடுத்து, சில நாட்கள் ஆறவிட்டு, மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழு உரத்தைக் கலந்து நிரப்ப வேண்டும். கறையான் தொல்லையுள்ள தில்லி போன்ற இடங்களில் வேப்பம் பிண்ணாக்கும் சேர்ப்பது நலம். கிளைகள் வளைந்து பரவுமாதலால் செடிக்குச் செடி 2 மீட்டர் இடைவெளி தேவை. தில்லியில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் நடுவதற்கு ஏற்றவை. தமிழ்நாட்டுச் சமவெளியில் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் நடலாம். நட்ட முதலாண்டில் கோடைப் பாசனம் தவறக்கூடாது. வெப்பம் தாங்கும் செடி என்பதால் நீர் வேண்டாத செடி என்று பொருளன்று. இது நீர்க்கரையில் பிறந்தது என்பதை மறத்தல் கூடாது.

செடியைப் பெருக்குவதற்குப் பதியன் போடுதல் எளிய முறை. தாழ்ந்த கிளை ஒன்றின் கணுவிற்கருகே பட்டையைச் சிறிது கீறி, அப்பகுதியை மண்ணுக்குள் அழுத்திக் கல்லொன்றை வைத்துவிட்டால், வேர் விட்டபின் வெட்டிப் பிரிக்கலாம். ஒட்டுக்கட்ட வேண்டிய தேவையில்லை. தன் வேரிலேயே வளரும் செடியே இவ்வினத்தின் இயல்பை முழுமையாகக் காட்டும்.

கவாத்துச் செய்வதில்தான் பலர் தவறிழைக்கின்றனர். தில்லியில் கலப்புத் தேயிலை ரோஜாக்களை அக்டோபர் நடுவில் ஆழக் கவாத்துச் செய்வது வழக்கம். அவை புதுத்தளிரில் பூப்பதால் அம்முறை அவற்றிற்கு ஏற்றது. ஒருமுறை பூக்கும் காட்டு இனமோ முந்திய பருவத்தில் முதிர்ந்த கிளைகளினின்று எழும் சிறு கிளைகளில் பூக்கிறது. அக்டோபரில் அக்கிளைகளை வெட்டினால் அவ்வாண்டின் மலர்களையே வெட்டியதாகும். ஆகவே, பூத்து முடிந்த பின்னரே கவாத்துச் செய்ய வேண்டும். அதுவும் பட்ட கிளைகளையும் மிக முதிர்ந்த கிளைகளையும் அடியோடு நீக்கினாற் போதும். விதை வேண்டுவோர் சில கனிகளை விட்டுவைத்தல் வேண்டும். கனி எனப்படும் சதைப்பகுதிக்குள் கடினமான சிறு மணிகள் பல இருக்கும். தாவரவியலார் கருத்துப்படி அம்மணி ஒவ்வொன்றுமே உண்மையான கனி. வெளிச்சதை மலரின் ஆதாரம் பருத்ததால் உண்டானது. இதனை மாணவர்க்கு அறுத்துக் காட்டலாம்.

பள்ளியில் ஒரு சோதனை

ஒரே அளவுள்ள நான்கு தொட்டிகளில் ஒரே மண்ணை நிரப்பி, இரண்டில் தன்வேர்க் கிளினோபில்லாக் கன்றுகளையும், இரண்டில் தன்வேரில் வளர்ந்த வேறொரு தோட்ட ரோஜாவின் கன்றுகளையும் நட வேண்டும். அவை நன்கு வேரூன்றிய பின், ஒவ்வொரு வகையிலும் ஒரு தொட்டியை, மண்ணின் மேல்மட்டம்வரை நீருள்ள வாளியில் இறக்கி வைக்க வேண்டும். மற்ற இரண்டிற்கும் வழக்கம்போல் நீரூற்றி வரவேண்டும். மூன்று வாரங்கள் வரை, நாள்தோறும் மஞ்சளித்த இலைகளையும் உதிர்ந்த இலைகளையும் புதிய தளிர்களையும் மாணவர்கள் எண்ணி எழுதுதல் வேண்டும். நீரில் நில்லாத தொட்டிகள் ஒப்பீட்டிற்காக உள்ளவை. அவையின்றேல், இலை உதிர்ந்தது நீராலா, வெயிலாலா, பூச்சியாலா என்று தீர்மானிக்க இயலாது. விஞ்ஞானச் சோதனையின் அடிப்படை இந்த ஒப்பீடே என்பதை மாணவர் தம் கையாலேயே செய்து உணர்வர்.

காக்கப்பட வேண்டிய செல்வம்

தோட்ட வகையொன்று அழிந்தால் அதனை ஒத்த மற்றொன்றை உண்டாக்கிக்கொள்ளலாம். காட்டு இனம் ஒன்று அழிந்தால் அதனை எவராலும் திரும்ப உண்டாக்க முடியாது. கிளினோபில்லாவின் இருப்பிடமான தாழ்நிலங்கள் வடிக்கப்பட்டு வயல்களாகின்றன. ஆற்றங்கரைப் புதர்கள் விறகிற்காகவும் வழிக்காகவும் வெட்டப்படுகின்றன. அதைப் பார்க்கும் பலருக்கு அது ஒரு முட்புதர் மட்டுமே. ரோஜா என்றே தெரிவதில்லை. தெரியாத பொருளைக் காப்பவர் எவர்?

மேலும், எல்லா இடத்துச் செடிகளும் ஒன்றல்ல. ஆபு மலையின் செடி நீண்ட வறட்சியினூடே வாழ்கிறது. ஹாவோரின் செடி வெள்ளத்தினூடே வாழ்கிறது. ஓரிடத்துச் செடி நிலைத்தாலும் மற்றோரிடத்துச் செடியின் ஆற்றல் மறைந்துபோகக் கூடும். ஆகவே, இதனை எந்த இடத்தில் காண்கின்றோமோ அந்த இடத்தைக் குறித்து வைத்தல் முதற் கடமை. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகச் சட்டத்தின்படி ஊராட்சிகளில் அமைக்கப்படும் குழுக்கள், அந்தந்தப் பகுதியின் உயிரினங்களைப் பற்றிய மக்கள் பதிவேட்டைப் பேணுகின்றன. களப்பணியாளர்கள் தாம் கண்ட இடம், நாள், நீர்நிலையின் தன்மை, பூத்த பருவம் ஆகியவற்றை அப்பதிவேட்டில் சேர்க்கச் செய்யலாம். வளர்ப்பதற்காகச் செடியை வேரோடு பிடுங்குதல் கூடாது. உரியவர் இசைவு பெற்று, சில குச்சிகளையோ சில கனிகளையோ எடுத்தாற் போதும். எடுத்த ஒவ்வொன்றிற்கும் அது பிறந்த ஊரின் பெயரைச் சீட்டில் எழுதிக் கட்டுதல் வேண்டும். பெயர்ச்சீட்டு இழந்த செடி ஆராய்ச்சிக்குப் பாதிப் பயனையே தரும்.

மக்கார்ட்னி ரோஜா இங்கு ஓர் எச்சரிக்கையாகவும் அமைகிறது. அழகிற்காகவும் வேலிக்காகவும் அமெரிக்காவின் தென்பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்ட அச்செடி, மேய்ச்சல் நிலங்களில் பரவி, உழவர்க்குப் பெருந்தொல்லையாகியது. ஒரு செடியின் ஆற்றல் அது பிறந்த இடத்தில் நன்மையாகவும், அயலிடத்தில் தீமையாகவும் முடியக்கூடும். எனவே கிளினோபில்லாவை அதற்குரிய வட்டாரங்களுக்கு அப்பால் வளர்ப்போர், அதனைத் தோட்டத்தின் எல்லைக்குள் நிறுத்தி, திறந்த நீர்நிலைகளில் நடாமலிருப்பது முறையாகும்.

சாணக்யபுரியின் பாத்திகளில் குளிர்காலந்தோறும் பூக்கும் பெருமலர்களுக்கு நடுவே இச்சிறு வெண்மலரை வைத்தால், பார்ப்பவர் கண் அதன்மீது விழாமலே போகலாம். ஆனால் வருங்காலத்தில் மே மாத வெயிலிலும் ஜூலை மாத மழையிலும் வாடாது நிற்கும் ரோஜா ஒன்று அப்பாத்திகளில் பூக்குமாயின், அதன் பரம்பரையில் ஆற்றங்கரையின் இந்த வெள்ளை ரோஜாவிற்கும் பங்கிருக்கக்கூடும். அதுவரை அதனை அறிந்துகொள்வதும், அது வாழும் கரையை அழியாமற் காப்பதும், அவ்வக் கரையின் அருகில் பணியாற்றும் ஆசிரியர், களப்பணியாளர் ஆகியோரின் கையிலேயே உள்ளன.